அச்சு அசலாக ஒரு நகல்

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு 1968 ஃபோர்டு மஸ்டாங்கை இருவர் வாங்கினார்கள். ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படத்தில் நிக்கோலஸ் கேஜ் ஓட்டிய ‘எலனார்’ காரைப் போல அதை மாற்றிவிடுவது அவர்கள் திட்டம். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நடக்கிற வேலைதான் அது. சாதாரண மஸ்டாங்கின் துருவைச் சுரண்டி, புது முகப்பு பொருத்தி, சாம்பல் வண்ணம் அடித்தால் சினிமாக் கார் தயார். ஆனால் வேலை மும்முரமாவதற்குள் உடலில் பொறித்திருந்த எண்ணை யாரோ கவனித்தார்கள்: 8ஆர்02எஸ்125558.

முதல் 8 என்பது 1968. ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்பது பின்புறம் சரிந்திறங்கும் ஃபாஸ்ட்பேக் உடல். எஸ் என்பது 390 கன அங்குல என்ஜின். மிச்சம் வரிசை எண். ‘புல்லிட்’ படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் ஸ்டீவ் மெக்வீன் பறந்து பறந்து ஓட்டிய மஸ்டாங்கின் எண் 125559 என்பது கார்ப் பிரியர்களுக்கு மனப்பாடம். படக் குழு வாங்கியது அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு கார்கள். முந்தைய எண் கொண்டது, குதித்து அடிவாங்குவதற்கென்றே பயன்படுத்திய வண்டி. அது எப்போதோ நசுக்கப்பட்டுவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2017-ல் ஃபோர்டு ஆவண நிபுணர் கெவின் மார்ட்டி சோதித்து, இதுதான் அது என்று உறுதி சொன்னார். ஜோடிக் காரான 125559, 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. புதுப்பிக்கப்படாத, வண்ணம் உதிர்ந்த, ஆங்காங்கே துருவேறிய நிலையில்தான் அந்த விலை.

நகலாக மாறவிருந்த ஓர் உடலுக்குள் அசல் ஒளிந்திருந்தது அபூர்வம். சந்தையில் அன்றாடம் நடப்பது இதன் நேர்மாறு. அசலென்று விலை பேசப்படும் வண்டிக்குள் நகல் உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க உலோகவியலும் தடயவியலும் தொழிற்சாலை வரலாறும் ஒன்றாகத் தேவைப்படுகின்றன. ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு விடை, அந்தக் கார்கள் பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டிருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது. அதன் பாண்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியன் இதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார். புதிய கார் என்று அறிவித்தால்தானே தடுப்பார்கள்? லீமான்ஸ் என்ற சாதாரணக் காருக்கு ஒரு ‘கூடுதல் வசதி’யாக 389 கன அங்குல என்ஜினை விலைப்பட்டியலில் நுழைத்துவிட்டார். சுமார் 296 டாலர் சேர்த்துக் கட்டினால் லீமான்ஸ், ஜிடிஓ ஆகிவிடும். 1964-ல் 32,450 பேர் கட்டினார்கள். எடை குறைந்த நடுத்தர உடல், பெரிய கார்களுக்கான எட்டு சிலிண்டர் என்ஜின், இளைஞர் கைக்கு எட்டுகிற விலை: இந்தச் சேர்க்கைக்குத்தான் பிற்பாடு ‘மசில் கார்’ என்று பெயர் நிலைத்தது.

டிலோரியனின் தந்திரத்தால் விளைந்த வம்பை அன்று யாரும் யோசித்திருக்க முடியாது. 1964, 65 ஜிடிஓக்களின் அடையாள எண்ணில் அது ஜிடிஓ என்பதற்கு எந்தக் குறியும் இல்லை. எண் லீமான்ஸ் என்று மட்டும்தான் சொல்லும். 1966-ல் தனி மாடலான பிறகுதான் எண்ணின் தொடக்கத்தில் 242 வந்தது. செவர்லே செவெல் கதை இன்னும் மோசம். 1970-ல் எல்எஸ்6 என்ற 454 கன அங்குல, 450 குதிரைத்திறன் என்ஜின் கேட்டு வாங்கியவர்கள் 4,475 பேர். அந்தக் கார்களின் எண்ணும், அதே ஆண்டில் சாதாரண எட்டு சிலிண்டர் என்ஜினோடு குடும்பஸ்தர் ஒருவர் வாங்கிய செவெல் மாலிபுவின் எண்ணும் ஒரே வகையில் தொடங்கும். இரண்டுக்கும் ஒரே உடல், ஒரே உலோகத் தகடு. இன்று இவற்றின் விலையில் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு வீடு வாங்கலாம். அந்த வித்தியாசமோ 1970-ல் ஒரு விற்பனையாளர் படிவத்தில் போட்ட டிக் குறி.

கிரைஸ்லர் நிறுவனம் இதில் கொஞ்சம் புண்ணியம் கட்டிக்கொண்டது. அதன் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்தே என்ஜினைச் சொல்லிவிடும். பிஎஸ்27ஆர்1பி என்று தொடங்கினால் பிளைமவுத் குடா, மேற்கூரை மடங்கும் கன்வர்டிபிள், 426 ஹெமி என்ஜின், 1971, மிச்சிகனின் ஹாம்ட்ராமெக் ஆலை. இந்த வகையில் ஒரு டஜனுக்கு மேல் செய்யப்படவில்லை. 2014-ல் சியாட்டிலில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. எண்ணிலேயே விஷயம் இருப்பதால் போலி ஹெமி செய்ய வேண்டுமென்றால் அடையாள எண்ணையே திருத்த வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மாலிபுவை எல்எஸ்6 ஆக்க அவ்வளவு துணிச்சல் வேண்டாம். என்ஜினை மாற்றி, பானெட்டில் பட்டை அடித்து, பக்கவாட்டில் அந்த வேக ரகத்துக்கான ‘எஸ்எஸ்’ சின்னம் ஒட்டினால் போதும். உதிரிபாகங்கள் அனைத்தும் புத்தம் புதிதாகக் கடையில் கிடைக்கின்றன. ‘இது நகல்’ என்று சொல்லி விற்றால் அதில் ஒரு தவறும் இல்லை. சொல்லாமல் விட்டால்தான் மோசடி. உலோகத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு கார் நேர்மையானதிலிருந்து போலியாகிவிட முடியும் என்பது இந்தத் துறையின் விசித்திரம்.

அப்படியானால் காகிதத்தைப் பார்க்கலாமே? பார்க்கலாம், இருந்தால். ஃபோர்டு 1967 முதலான கார்களின் தயாரிப்புத் தரவுகளைப் பத்திரமாக வைத்திருந்தது. மெக்சிகோ மஸ்டாங்கைச் சோதித்த மார்ட்டி, உரிமம் பெற்று அந்தத் தரவுகளிலிருந்துதான் சான்றறிக்கை தருகிறார். பாண்டியாக்கின் பழைய விலைப்பட்டிகளும் பிழைத்துக்கிடக்கின்றன. செவர்லே விஷயத்தில் கனடாவில் விற்ற கார்களுக்கு ஆவணம் உண்டு, அமெரிக்காவில் விற்றவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. அதனால் செவெல் வாங்குகிறவர்கள் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள்ளும் பெட்ரோல் டேங்கின் மேற்புறத்திலும் கையை விட்டுத் துழாவுகிறார்கள். கார் தயாராகும்போது தொழிலாளர்கள் வழிகாட்டியாக வைத்துக்கொண்ட தாளை, வேலை முடிந்ததும் அங்கே செருகிவிட்டுப் போவது வழக்கம். ஐம்பது வருட எண்ணெய்க்கறையோடு அந்தத் தாள் கிடைத்தால் காரின் ஜாதகமே கிடைத்த மாதிரி. ஆனால் பழுப்பேற்றிய தாளில் அதையும் போலியாக அச்சடிக்க ஆள் இருக்கிறது.

கடைசியில் உலோகத்திடமே வர வேண்டியிருக்கிறது. பழைய வண்டி கைமாறும்போது சேசிஸ் எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதே வேலையைப் பூதக்கண்ணாடியோடு செய்கிறார்கள். செவர்லேயின் எட்டு சிலிண்டர் என்ஜின்களில் முன்பக்கம், வலப்புறத் தலைக்குக் கீழே தீப்பெட்டி அகலத்தில் ஒரு தட்டையான இடம் உண்டு. எந்த ஆலையில், எந்த மாதம், எந்தத் தேதியில், எந்த வகை என்ஜின் என்பதை அங்கே அடித்திருப்பார்கள். 1968 மாடல் முதல், காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் என்ஜினில் பொறிக்கப்பட்டது. காரின் எண்ணும் என்ஜின் எண்ணும் பொருந்தினால் விலை எகிறும். ஆகவே பொருந்தாததைப் பொருத்துவதே போலிக்காரனின் முதல் வேலை. பழைய எண்ணை இழைத்து எடுத்துவிட்டுப் புதிய எண்ணை அடிக்க வேண்டும்.

எண்ணை இழைத்துவிட்டால் அது போய்விடுமா? இங்கேதான் அறிவியல் சுவாரசியமாகிறது. எஃகின் மீது அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. உலோகம் என்பது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட எண்ணற்ற படிகங்களின் தொகுப்பு. அடி விழுந்த இடத்தில் அந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஒழுங்கு குலைந்து, பிசகுகள் சிக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் குலைவு பள்ளத்தின் அடியைத் தாண்டியும் கொஞ்ச ஆழம் போகும். ஈர வயலில் நடந்தவனின் தடத்தை மண்வெட்டியால் வழித்தாலும் அடிமண் இறுகியிருப்பதைப் போல, எண்ணைத் தேய்த்தெடுத்த பிறகும் அதன் உருவம் கீழே அழுத்தமாகத் தங்கியிருக்கும். குலைந்த படிகங்களில் ஆற்றல் கூடுதலாகத் தேங்கி நிற்பதால் அவை அமிலத்தில் மற்ற இடத்தை விட வேகமாகக் கரைகின்றன. தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும் கலந்த ‘ஃப்ரை’ கரைசலை மெருகிட்ட எஃகில் தடவினால், அழிக்கப்பட்ட எண் மங்கலாக மேலெழும்பும். துப்பாக்கிகளின் எண்ணை மீட்கப் போலீஸ் ஆய்வகங்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது.

இதை இன்னும் நுணுக்கமாகச் செய்ய முடியும் என்று அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகங்களின் மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, திரும்பி வரும் எலக்ட்ரான்கள் வரையும் கோலத்தைப் படிப்பது அந்த முறை. படிகம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் கோலம் தெளிவாக இருக்கும், குலைந்த இடத்தில் மங்கும். அடித்த அச்சை முற்றாக இழைத்தெடுத்த துருவேறா எஃகிலும் அதன் வடிவத்தை இப்படிப் படிக்க முடிந்தது.

ஆனால் கார்ப் பிரியர்களுக்கு இதில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. என்ஜின் பிளாக் எஃகு அல்ல, வார்ப்பிரும்பு. அதற்குள் கிராஃபைட் செதில் செதிலாகப் பரவிக் கிடக்கிறது. வார்ப்பிரும்பு வளையாது, நொறுங்கும். அடி வாங்கும்போது எஃகைப் போல ஆழமாகக் குலைவதில்லை. அமிலமும் கிராஃபைட் எல்லைகளைத் தின்று படத்தைக் கலைத்துவிடுகிறது. போதாதற்கு, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிளாக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைக்கவும் முடியாது. ஆகவே எஃகுச் சட்டத்தில் எளிதில் அகப்படும் போலி, என்ஜினில் தப்பித்துவிடப் பார்க்கும்.

அதைப் பிடிப்பது வேறொரு தடயம், அதுவும் யாரும் திட்டமிட்டு விட்டுச் சென்றதல்ல. தொழிற்சாலையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சமப்படுத்த, ‘புரோச்’ என்ற பல் வரிசை கொண்ட நீண்ட வெட்டுக்கருவி ஒரே வீச்சில் முன்னிருந்து பின்னாக ஓடும். அதன் பற்களில் உள்ள நுண்ணிய சிதைவுகள் எண் அடிக்கும் தட்டையின் மீதும் மெல்லிய இணைகோடுகளை இழுத்துவிடும். பின்னாளில் லேத் பட்டறையில் பிளாக்கைச் சமப்படுத்தினால் சுழலும் கருவி வளைகோடுகளையே போடும். உப்புத்தாளைத் தேய்த்து நேர்கோடு போட முயன்றவர்கள் உண்டு. ஆனால் ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்த நாட்களில் ஓடிய பிளாக்குகளில் அதே கோட்டு வரிசை திரும்பத் திரும்ப வரும். துப்பாக்கிக் குழலின் கீறல்கள் தோட்டாவில் பதிவதை ஒப்பிடுவது போலவே, நிபுணர்கள் ஒரே வாரத்து என்ஜின்களின் புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அந்தக் கீறல்களை நகல் செய்வது எனக்குத் தெரிந்தவரை மிகக் கடினமான பித்தலாட்டம்.

தேதிகளும் காட்டிக்கொடுக்கும். வார்க்கும்போதே பிளாக்கில் புடைத்து நிற்கும் எழுத்தில் தேதி இருக்கும். சி 12 0 என்றால் 1970 மார்ச் 12. வார்த்த தேதிக்குப் பின்தான் என்ஜின் பூட்டிய தேதி, அதற்குப் பின்தான் கார் வெளிவந்த தேதி வர முடியும். கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், கண்ணாடி எல்லாவற்றிலும் தேதிக் குறிகள் உண்டு. ஜனவரியில் வெளிவந்த காரில் பிப்ரவரியில் வார்த்த என்ஜின் இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

உடலைப் பரிசோதிப்பது இதைவிட எளிது. நம்மூர் டிங்கரிங் கடைக்காரர்கள் விரலால் தட்டியே பட்டி போட்ட இடத்தைச் சொல்லிவிடுவார்கள். கருவி வைத்து அளந்தால் தொழிற்சாலை வண்ணம் சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம் காட்டும், பட்டி பல மடங்கு காட்டும். தகடுகள் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். ஆலையில் இரண்டு தாமிர முனைகளுக்கு நடுவே தகடுகளை இறுக்கி, ஒரு நொடிக்கும் குறைவாக ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் செலுத்துவார்கள். தகடுகள் தொடும் இடத்தில் மின்தடை அதிகம் என்பதால் அங்கேயே உருகி ஒட்டி, வெளியே வட்டக்குழி மட்டும் தெரியும். பட்டறையில் மாற்றிய தகட்டில் துளை போட்டு நிரப்பிய பற்றவைப்பு இருக்கும். இன்று முழு உடலே புதிதாகக் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவின் டைனகார்ன் நிறுவனம் செவர்லேயின் 1969 கமாரோ உடலை உரிமம் பெற்றுப் புதிய எஃகில் அடித்து விற்கிறது. துருவே இல்லாத 1969 கமாரோவைக் கண்டால் சந்தேகப்படுவதே முறை.

நகல்களின் ராஜா ஷெல்பி கோப்ரா. எடை குறைந்த விளையாட்டுக் கார் என்பதால் அதை மசில் கார் வரிசையில் சேர்க்கலாமா என்று தூய்மைவாதிகள் தகராறு செய்வார்கள், இருக்கட்டும். இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டன் ஊரில் ஏசி நிறுவனம் செய்த சிறு காரின் வயிற்றுக்குள் 1962-ல் முன்னாள் பந்தய வீரர் கேரல் ஷெல்பி ஃபோர்டின் எட்டு சிலிண்டர் என்ஜினை நுழைத்தார். முதல் காரின் எண் சிஎஸ்எக்ஸ்2000. பத்திரிகைகள் ஓட்டிப்பார்க்கக் கேட்டபோது ஒவ்வொரு முறையும் வேறு வண்ணம் அடித்துக் கொடுத்தார், நிறையக் கார்கள் தயாராகிவிட்டன என்று நம்பட்டும் என்று. ஆக, கோப்ராவின் வரலாறு வேடம் போடுவதில்தான் தொடங்குகிறது. அந்தக் கார் 2016-ல் ஒரு கோடியே 37.5 லட்சம் டாலருக்கு விற்றது.

1960-களில் செய்தவை ஏறக்குறைய ஆயிரம் கார்கள். அதன் பிறகு வந்த நகல்கள் அதைப் போல எத்தனையோ மடங்கு. அசலில் மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை உருளைச் சக்கரத்தில் கையால் வளைத்துப் போர்த்தியிருப்பார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சாக ஒன்றுபோல இராது. மலிவான நகல்கள் கண்ணாடியிழை, ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை. அதனால் அசலை விடவும் சமச்சீரானவை! காந்தம் இரண்டிலும் ஒட்டாது, தட்டினால் ஓசை சொல்லிவிடும். யூட்டாவின் கிர்க்கம் நிறுவனம் ஒரு படி மேலே போனது. மிக் போர் விமானங்கள் செய்துவந்து, பனிப்போர் முடிந்ததும் வேலையற்றுப்போன போலந்தின் மியெலெக் ஆலையைப் பிடித்து, அதன் தகட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு அலுமினிய உடல்களைக் கையால் செய்வித்தது. அப்படியொரு காரில் அசலுக்கும் நகலுக்கும் பொருளளவில் என்ன வித்தியாசம் என்று சொல்வது எளிதல்ல.

இன்னும் குழப்பியவர் ஷெல்பியேதான். 1960-களில் மிஞ்சிப்போன சட்டங்களில் கட்டிய கார்கள் என்று அவர் 1990-களின் தொடக்கத்தில் சில கோப்ராக்களைக் காட்டினார். அந்தச் சட்டங்கள் அண்மையில் செய்யப்பட்டவை என்று லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் 1993-ல் அம்பலப்படுத்தியது. பின்னர் சிஎஸ்எக்ஸ்4000 என்ற வரிசையில், தொடர் தயாரிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்றார். படைத்தவரே மறுபடி செய்தால் அது அசலா? என் கணிப்பு, இல்லை என்பதுதான். அசல் என்பதற்கு யார் கை என்பதை விட எந்தக் காலத்தின் இரும்பு, எந்தக் காலத்தின் வேலைப் பழக்கம் என்பதுதான் முக்கியம். ஷெல்பியால் 1965-ஐத் திரும்பச் செய்ய முடியாது.

ஓட்டுவதற்கு எது சிறந்தது என்றால் சந்தேகமே வேண்டாம், நகல்தான். அந்தக் காலத்து டயர்களில் நார்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். திருப்பத்தில் பக்கச்சுவர் மடங்கும்போது தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து முறுகும். இன்றைய ரேடியல் டயரில் பட்டை தனியாகத் தரையைப் பிடித்துக்கொள்கிறது. பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பலமுறை மிதித்தால் சூடேறிக் கைவிடும். எல்எஸ்6 என்ஜினின் அழுத்த விகிதம் 11.25. ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோலை நம்பிச் செய்த அந்த விகிதத்துக்கு இன்றைய பம்ப் பெட்ரோல் போட்டால் என்ஜின் தட்டும். 450 குதிரைத்திறன் என்பதுகூட ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் ஒன்றும் மாட்டாமல் மேசையில் அளந்த கணக்கு. 1971-ல் அதே குடும்பத்து எல்எஸ்5 என்ஜினுக்குப் பழைய முறையில் 365, காரில் உள்ளபடி அளந்தால் 285. 2015 மஸ்டாங்கின் நான்கு சிலிண்டர் 2.3 லிட்டர் என்ஜினே 310 தந்தது. இதெல்லாம் தெரிந்தும் அசலுக்குக் கோடிகள் கொடுக்கிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது வாகனத்தை அல்ல, ஓர் ஆவணத்தை.

ஆவணமாகப் பார்க்கத் தொடங்கியதும் புதுப்பித்தலின் பொருளும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அசல் கார்களையும் கண்ணாடி போல மெருகேற்றினார்கள். ஆலை அப்படி மெருகேற்றி அனுப்பியதே இல்லை. வண்ணம் வழிந்திருக்கும், ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளியிட்டிருக்கும், அடியில் சோதனையாளரின் சாக்பீஸ் கிறுக்கல் இருக்கும். இப்போது உயர்தரப் புதுப்பிப்பாளர்கள் பழைய புகைப்படங்களைப் பார்த்து அந்த வழிசல்களையும் கிறுக்கல்களையும் காசு வாங்கிக்கொண்டு திரும்பப் போடுகிறார்கள். எண்ணெல்லாம் பொருந்தும் அசல் காரே இப்படித் தன்னுடைய நகலாக மாறிவிடுகிறது. இதனால்தான் தொடவே தொடாத, உதிர்ந்த வண்ணத்தோடு நிற்கிற வண்டிகளுக்குத் தனி மதிப்பு.

அமெரிக்கக் காங்கிரஸ் 2015-ல் இயற்றிய ஒரு சட்டம், குறைந்தது 25 ஆண்டு பழைய கார்களின் நகல்களைச் சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கு 325 வரை முழுக்காராகச் செய்து விற்கலாம் என்றது. அதற்குமுன் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டுவதுதான் வழக்கமான வழி. விதிகள் நடைமுறைக்கு வர 2022 ஆகிவிட்டது. என்ஜின் இன்றைய புகை விதிக்கு உட்பட்டது. இது நகல், இன்ன ஆண்டுக் காரின் நகல் என்று அழியாத பட்டை ஒட்டியிருக்க வேண்டும். இந்த நகல்களுக்கும் சொந்த அடையாள எண் உண்டு. ஷெல்பியின் சிஎஸ்எக்ஸ்4000 வரிசைக் கார்கள் இப்போதே எண் வாரியாகப் பதிவேடுகளில் ஏறிவிட்டன, எந்த எண், யார் பூட்டியது, என்ஜின் மாற்றப்பட்டதா என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.